எதிரிக்கும் வசனம் உண்டு: மேடையிலிருந்து திரைக்கு வந்த ரஷ்ய உள்நாட்டுப் போர்

‘ஓட்டம்’ என்ற சோவியத் படத்தைப் பார்த்ததாகவும், அது முதலில் மேடை நாடகம் என்று தெரிந்து வியந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ரஷ்ய உள்நாட்டுப் போரைப் பற்றிய நாடகங்களிலிருந்து வேறு என்னென்ன படங்கள் வந்தன, அவை எல்லாம் போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை (செம்படை) வெல்லும் பிரசாரம்தானா, எதிலிருந்து தொடங்கலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

படப்பிடிப்புக் கூடமும் திரையரங்கும் அரசின் கையில் இருந்த நாட்டில், கதைச் சுருக்கத்திலிருந்து கடைசிப் பிரதி வரை அதிகாரிகள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ஒரு படம் மக்களிடம் போனது. ஆகவே உள்நாட்டுப் போரைப் பற்றிய எந்தச் சோவியத் படத்திலும் யார் வெல்வார்கள் என்பதில் ஐயமே கிடையாது. ஆனால் நாடகத்திலிருந்து வந்த படங்களில் ஒரு தனித்தன்மை இருக்கிறது. அவற்றில் தோற்கிறவனுக்கும் நாக்கு இருக்கிறது. 1920களின் பெரும் மௌனப் படங்களை நினைத்துப் பாருங்கள். ஐசன்ஸ்டைனின் ‘அக்டோபர்’ படத்தில் மக்கள் திரள்தான் நாயகன். எதிரி என்பவன் ஒரு தொப்பி, ஒரு மீசை, ஒரு கொழுத்த முகம். படத்தொகுப்பின் வேகத்தில் அவனை இரண்டு நொடி காட்டினால் போதும். மேடையில் அது நடக்காது. இரண்டரை மணி நேரம் இரண்டு தரப்பும் ஒரே விளக்கின் கீழ் நிற்க வேண்டும். எதிரி வாய் திறந்து பேச வேண்டும், அவன் பேச்சில் நியாயத்தின் நிழலாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நாயகன் யாரோடு மோதுவான்? நாடகம் என்ற கலை கேட்கும் இந்த நியாயம் தணிக்கையையும் மீறித் திரைப்படங்களுக்குள் வந்து சேர்ந்தது. இந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

இதற்கு முதல் சான்று மிகயீல் புல்ககோவ். அவர் மருத்துவர். உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படையோடு இருந்து பணியாற்றியவர். 1920இல் அந்தப் படை காகசஸ் பகுதியை விட்டுப் பின்வாங்கியபோது விளாதிகவ்காஸ் நகரில் டைஃபஸ் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தார். அந்தக் காய்ச்சல் மட்டும் வரவில்லை என்றால் அவரும் ஏதோ ஒரு கப்பலில் ஏறியிருப்பார், சோவியத் இலக்கியத்துக்குப் புல்ககோவ் கிடைத்திருக்க மாட்டார். தன் குடும்பத்தையும் கீவ் நகரத்து வீட்டையும் வைத்து ‘வெண்காவலர்’ நாவலை எழுதினார். அதை மாஸ்கோ கலை அரங்கம் நாடகமாக்கித் தரும்படி கேட்டது. ‘துர்பின்களின் நாட்கள்’ என்ற பெயரில் 1926 அக்டோபர் 5 அன்று அது மேடையேறியது.

கதை 1918 டிசம்பர் கீவ். ஜெர்மானியர்களின் துணையோடு உக்ரைனை ஆண்ட ஸ்கொரொபாத்ஸ்கியின் ஆட்சி சரிகிறது. உக்ரைனிய தேசியவாதி பெத்லியூராவின் படை நகரத்தை நெருங்குகிறது. துர்பின் வீட்டில் பாலேட்டு நிறத் திரைச்சீலைகள், பியானோ, மேசை விளக்கு. வெண்படை அதிகாரிகள் அங்கே குடிக்கிறார்கள், பாடுகிறார்கள், காதலிக்கிறார்கள், பயப்படுகிறார்கள். போர் முடிந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆன மாஸ்கோவில், தோள்பட்டைச் சின்னங்களோடு வெண்படை அதிகாரிகள் மேடையில் சாதாரண மனிதர்களாக நடமாடியதைக் கற்பனை செய்து பாருங்கள். பார்வையாளர்கள் அழுததையும் மயங்கி விழுந்ததையும் அக்காலத்தவர் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். அண்ணனையோ தம்பியையோ அந்தப் பக்கம் இழந்தவர்கள் அரங்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

விமரிசகர்கள் பாய்ந்தார்கள். தன் படைப்புகளைப் பற்றி வந்த கட்டுரைகளைப் புல்ககோவே எண்ணி வைத்திருந்தார். 1930 மார்ச்சில் சோவியத் அரசுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கணக்கைத் தருகிறார்: 301 கட்டுரைகளில் 298 பகையானவை, புகழ்ந்தவை மூன்று. செம்படைக்கும் வெண்படைக்கும் மேலே, உணர்ச்சிவயப்படாமல் நிற்க முயன்றதாக அதே கடிதத்தில் சொல்கிறார். நாடகாசிரியன் தன் தொழிலைப் பற்றிச் சொன்ன நேர்மையான வாக்குமூலமாகவே நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் ஸ்டாலினுக்குத் துர்பின் நாடகம் பிடித்திருந்தது. பலமுறை வந்து பார்த்தார். 1929 பிப்ரவரியில் பில்-பெலொசெர்க்கோவ்ஸ்கி என்ற நாடகாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தையும் சொல்லியிருக்கிறார். துர்பின்களைப் போன்றவர்களே ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ள நேர்ந்தது என்றால் போல்ஷெவிக்குகள் வெல்லப்பட முடியாதவர்கள் என்ற எண்ணம்தான் பார்வையாளர் மனத்தில் நிற்கும் என்பது அவர் வாதம். எதிரி உயரமானவனாக இருந்தால்தான் வென்றவனும் உயரமாகத் தெரிவான் என்பதை அவரும் உணர்ந்திருந்தார். அப்படியும் 1929இல் நாடகம் நிறுத்தப்பட்டது. 1932இல் மீண்டும் மேடையேறி, 1941 வரை மொத்தம் 900 முறைக்கு மேல் நடந்தது. அந்த ஜூனில் மின்ஸ்க் நகரத்துக்குச் சுற்றுப்பயணம் போயிருந்தபோது ஜெர்மானியக் குண்டுவீச்சில் அரங்கப் பொருட்கள் எரிந்துபோயின. பாலேட்டுத் திரைச்சீலைகள் உண்மையாகவே தீயில் போன கதை அது.

இந்த நாடகம் திரைக்கு வர 1976 ஆக வேண்டியிருந்தது. விளாதிமிர் பசோவ் தொலைக்காட்சிக்காக மூன்று பாகங்களாக எடுத்தார். பீரங்கிப் படை அதிகாரி மிஷ்லாயெவ்ஸ்கியாக அவரே நடித்தார். இரண்டாம் உலகப் போரில் பசோவ் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர். குளிரில் விறைத்துப் போய் வீட்டுக்குள் நுழைந்து, படைத் தலைமையைத் திட்டித் தீர்க்கும் அந்த முதல் காட்சியில் இருப்பது வெறும் நடிப்பு என்று எனக்குத் தோன்றுவதே இல்லை. அலெக்சேய் துர்பினாக அந்திரேய் மியாக்கோவ். அதே ஆண்டின் புத்தாண்டு நாளில்தான் ஒரு காதல் நகைச்சுவைப் படத்தின் மூலம் நாடு முழுவதும் அவரைக் கொண்டாடத் தொடங்கியிருந்தது. அந்த மென்மையான முகத்தைப் பசோவ் வெண்படைக் கர்னலுக்குக் கொடுத்தார்.

உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் இளம் வீரர்களை அணிவகுத்து நிற்கவைத்து, சண்டை முடிந்துவிட்டது, தோள்பட்டைச் சின்னங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று அலெக்சேய் உத்தரவிடும் காட்சிதான் நாடகத்தின் உயிர். மக்கள் நம்மோடு இல்லை, நமக்கு எதிராக இருக்கிறார்கள் என்று அவன் சொல்கிறான். தணிக்கையாளர் காதுக்கு இது போல்ஷெவிக் வெற்றியின் ஒப்புதல். பார்க்கிற நமக்கோ, தன்னை நம்பி வந்த பிள்ளைகளைச் சாகவிடாமல் அனுப்பிவைத்துவிட்டுத் தான் மட்டும் பின்தங்கிச் சாகிற ஒருவனின் கண்ணியம். ஒரே வசனத்துக்கு இரண்டு பொருள். பசோவ் படத்தில் பெரிய போர்க்காட்சிகள் கிடையாது, பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. படம் மேடைத்தனமாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. வெளியே ஆட்சி மாறிக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒரு விளக்கும் ஒரு மேசையும் காக்கப்படுகின்றன. கேமரா தெருவுக்கு ஓடிவிட்டால் அந்த வீட்டின் அருமை எப்படித் தெரியும்?

இனி நீங்கள் பார்த்த ‘ஓட்டம்’. 1920 நவம்பரில் வெண்படைத் தளபதி விராங்கெலின் படை கிரிமியாவை விட்டு வெளியேறியது. ஒன்றரை லட்சத்துக்கு நெருங்கிய மக்கள் கப்பல்களில் ஏறினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த கான்ஸ்டான்டிநோப்பிளையும் பாரிஸையும் புல்ககோவ் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் நாட்டை விட்டு வெளியே போனதே இல்லை. ஆனால் அவரது இரண்டாவது மனைவி லியுபோவ் பெலோசெர்ஸ்கயா அந்தக் கப்பல்களின் உலகத்திலிருந்து திரும்பி வந்தவர். கரப்பான் பூச்சிப் பந்தயமும் பசியும் வெட்கமும் அவருடைய நினைவுகளின் வழியாகவும் நாடகத்துக்குள் வந்தன. நாடகத்தைக் காட்சிகளாகப் பிரிக்காமல் எட்டுக் கனவுகளாகப் பிரித்தார் புல்ககோவ். தோல்வியை உள்ளிருந்து பார்த்தால் அது கனவு போலத்தான் இருக்கும் என்று உணர்ந்தவருக்குத்தான் இந்த வடிவம் கைகூடும்.

நாடகத்தின் மையம் ஜெனரல் ஹ்லுதோவ். ரயில் நிலையத்தில் முக்காலியில் சுருண்டு உட்கார்ந்திருக்கும், விளக்குக் கம்பங்களில் மனிதர்களைத் தொங்கவிடும் நோயாளி. கிராப்பிலின் என்ற சாதாரணப் படைவீரன் அவன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறான். சொன்ன அடுத்த கணமே நடுங்கி மண்டியிடுகிறான். தொடங்கியது நன்றாக இருந்தது, முடிவு கெட்டுவிட்டது என்று ஹ்லுதோவ் அவனைத் தூக்கிலிடச் சொல்கிறான். அதற்குப் பிறகு அந்த இறந்தவன் அவனை விட்டு அகலவே இல்லை. இந்தப் பாத்திரத்துக்கு உண்மையான மூலம் யாக்கவ் ஸ்லாஷ்சோவ் என்ற வெண்படை ஜெனரல். கிரிமியாவைக் காத்தவன், தூக்குத் தண்டனைகளுக்குப் பேர்போனவன். 1921இல் மன்னிப்புப் பெற்றுச் சோவியத் நாட்டுக்குத் திரும்பி, செஞ்சேனை அதிகாரிகளுக்கே போர்க்கலை கற்பித்தான். தன் நினைவுகளைப் புத்தகமாகவும் எழுதினான், புல்ககோவ் அதைப் படித்திருந்தார். 1929 ஜனவரியில், தன் சகோதரனின் சாவுக்குப் பழிவாங்க வந்த ஒருவனால் ஸ்லாஷ்சோவ் சுட்டுக் கொல்லப்பட்டான். அதே ஜனவரியின் இறுதியில்தான் கட்சித் தலைமை ‘ஓட்டம்’ மேடையேறக்கூடாது என்று முடிவெடுத்தது.

முன்பு சொன்ன அதே கடிதத்தில் ஸ்டாலின் இந்த நாடகத்தைப் பற்றியும் எழுதினார். நாட்டை விட்டு ஓடியவர்கள் மீது இரக்கத்தை உண்டாக்குகிறது, இப்போது இருக்கும் நிலையில் சோவியத் எதிர்ப்பானது என்றார். எட்டுக் கனவுகளோடு இன்னும் ஒன்றிரண்டு கனவுகளைச் சேர்த்து, இவர்கள் ஏன் விரட்டப்பட்டார்கள் என்ற சமூகக் காரணத்தைக் காட்டினால் மேடையேற்றுவதில் தனக்குத் தடையில்லை என்றும் சொன்னார். புல்ககோவ் அந்த ஒன்பதாவது கனவை எழுதவில்லை. 1940இல் இறந்தார். நாடகம் முதன்முதலாக மேடை ஏறியது 1957இல், ஸ்டாலின்கிராத் நகரத்தில். ‘நன்றாக எழுதப்பட்ட நாடகம் தப்பாது’ என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு காத்திருந்தது நாடகம். எழுதியவருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

1970இல் இயக்குநர்கள் அலோவும் நவுமோவும் மாஸ்ஃபிலிமில் அதைப் படமாக்கினார்கள். புல்ககோவின் மூன்றாவது மனைவி எலேனா அதற்கு ஆலோசகராக இருந்தார். அந்த ஆண்டு ஜூலையில் அவரும் காலமானார். படத்தை மறுபடி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாடகத்தில் செஞ்சேனை ஏறக்குறைய மேடைக்கு வெளியேதான் இருக்கிறது. படத்திலோ கிரிமியாவின் வாசலான பெரெகோப்பில் நடந்த சண்டையும், சிவாஷ் உப்பேரியைக் கடந்து வரும் செஞ்சேனையும் விரிவாக வருகின்றன. ஸ்டாலின் கேட்ட அந்த ஒன்பதாவது கனவு நாற்பது ஆண்டு கழித்து இப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன். காட்சிகள் பிரமாண்டமானவை, படப்பதிவு அழகு. ஆனால் அங்கே யாருடைய முகமும் நம் மனத்தில் தங்குவதில்லை. கேமரா ஹ்லுதோவிடம் திரும்பிய உடனே படத்துக்கு மூச்சு வருகிறது.

விளாதிஸ்லாவ் த்வொர்ஜெத்ஸ்கிக்கு அதுதான் முதல் பெரிய படம். ஓம்ஸ்க் நகரத்து நாடக நடிகர். உயர்ந்த நெற்றி, இமைக்க மறந்த கண்கள். அலறிக் கத்தும் பைத்தியமாக ஹ்லுதோவை நடித்திருந்தால் நாம் எளிதாக வெறுத்துவிட்டுப் போயிருப்போம். அவர் மெதுவாகப் பேசுகிறார், தனக்குள் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர் போல. குற்றவாளிதான், மன்னிக்க வழியில்லை, ஆனாலும் அவனிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. த்வொர்ஜெத்ஸ்கி 39 வயதில், 1978இல் மறைந்துவிட்டார். படத்தின் இன்னொரு தூண் மிகயீல் உல்யானவ். அவருடைய ஜெனரல் சார்னோத்தா கான்ஸ்டான்டிநோப்பிளில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, கால்சட்டைகூட இல்லாமல் உள்ளாடையோடு பாரிஸ் தெருவில் நடக்கிறார். பிறகு பாரிஸில் பணக்காரராக வாழும் கோர்சுகினின் வீட்டில் விடிய விடியச் சீட்டாட்டம். எவ்கெனி எவ்ஸ்திக்னேயெவும் உல்யானவும் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கும் அந்தப் பகுதி தூய மேடைக்கலை. ஒரு மேசை, சில சீட்டுக்கட்டுகள், இரண்டு நடிகர்கள். பல மைல் அகலச் சிவாஷ் காட்சியைவிட அந்த மேசை பெரியது.

இதற்கு நேர் எதிர்த் தரப்பில் நின்றவர் விஸெவோலத் விஷ்னெவ்ஸ்கி. பால்டிக் கடற்படை வீரர், பிறகு செஞ்சேனைத் தளபதி புத்யோன்னியின் முதல் குதிரைப்படையில் இயந்திரத் துப்பாக்கி இயக்கியவர். புல்ககோவைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். புல்ககோவின் ‘மோலியேர்’ நாடகம் லெனின்கிராத் மேடைக்கு வராமல் போனதில் அவர் பங்கு பெரியது. அந்த மனக்கசப்பைத் தெரிந்துகொண்டே நான் அவருடைய நாடகத்தை அணுகினேன், அதன் வலிமை என்னைப் பணியவைத்தது. ‘நம்பிக்கை தரும் துன்பியல்’ என்பது அதன் பெயர். 1933 டிசம்பரில் அலெக்சாந்தர் தாயிரவ் தம் மாஸ்கோ காமெர்னி அரங்கத்தில் இயக்கினார். கமிஸாராக, அதாவது படைப்பிரிவுக்குக் கட்சி அனுப்பும் அரசியல் பொறுப்பாளராக, அவருடைய மனைவி அலீசா கோனென் நடித்தார்.

எந்த அரசும் வேண்டாம் என்ற அராஜகவாதிகளின் பிடியில் இருக்கும் ஒரு கடற்படைப் பிரிவுக்குக் கட்சி ஒரு கமிஸாரை அனுப்புகிறது. வருவது ஒரு பெண். அவளுக்கு நாடகத்தில் பெயரே கிடையாது, கமிஸார் மட்டும்தான். போரில் கமிஸாராகப் பணியாற்றிய எழுத்தாளர் லரீசா ரெய்ஸ்னரை மனத்தில் வைத்தே இந்தப் பாத்திரம் உருவானது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல, இரண்டு மூத்த மாலுமிகள் பார்வையாளரைப் பார்த்து நேரடியாகப் பேசிக் கதையை நடத்துகிறார்கள். செத்துப்போனவர்கள் பிறக்கப்போகிறவர்களிடம் பேசுவது போன்ற அந்தத் தொனிதான், நாயகி இறக்கும் கதைக்கு இப்படி ஒரு பெயரைப் பொருத்தமாக்குகிறது.

சம்சோன் சம்சோனவ் இதை 1963இல் மாஸ்ஃபிலிமில் படமாக்கினார். கமிஸாராக மார்கரீத்தா வலோதினா. கப்பலுக்குள் காலடி வைத்ததும் மாலுமிகள் அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள், ஒருவன் பாய்கிறான், அவள் சுடுகிறாள். கமிஸாரின் உடலைச் சுவைக்க வேறு யாருக்காவது விருப்பம் உண்டா என்று கேட்கிறாள். அந்தக் குரலில் வீரத்தைவிட முயன்று அடக்கிய நடுக்கத்தையே நான் கேட்கிறேன். வலோதினாவின் பெருமை அங்கேதான். ஆனால் படத்தை விழுங்குவது அராஜகவாதிகளின் தலைவன். அவனுக்கும் பெயர் இல்லை, தலைவன் மட்டும்தான். நடித்தவர் பொரீஸ் அந்திரேயெவ். ‘டிராக்டர் ஓட்டிகள்’, ‘இரண்டு வீரர்கள்’ போன்ற படங்களில் நல்ல மனமுள்ள முரட்டுத் தோழனாக வந்து நாட்டின் அன்பைப் பெற்றவர். அந்தப் பெரிய உடலையும் கனத்த குரலையும் கொடுமைக்குக் கொடுத்தார்கள்.

ஒரு கிழவி தன் பணப்பையை ஒரு மாலுமி திருடிவிட்டான் என்று முறையிடுகிறாள். விசாரணையே இல்லாமல் அவனைக் கடலில் தூக்கிப் போடச் சொல்கிறான் தலைவன். போட்டுவிடுகிறார்கள். பை கிழவியிடமே இருந்தது தெரியவருகிறது. உடனே கிழவியையும் போடுகிறார்கள். அதிகாரம் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் ஒருவன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரிந்து சோவியத் மேடையில் இல்லை. 1933இல் இதை எழுதிய விஷ்னெவ்ஸ்கி அராஜகவாதிகளைத்தான் குறிவைத்தார். 1963இல், ஸ்டாலின் காலத்துக் கொடுமைகள் பேசப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு முகமும் நினைவுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். மேடையில் உயிருள்ள எதிரியைப் படைத்துவிட்டால் அவன் எழுதியவரின் கட்டுப்பாட்டில் நிற்க மாட்டான். அந்தப் படத்துக்குக் கான் விழாவில், புரட்சிக் காவியத்தைச் சிறப்பாகச் சித்திரித்ததற்கான பரிசு கிடைத்தது.

‘தலையீடு’ படத்தின் கதை இன்னும் மனத்தை அறுப்பது. லெவ் ஸ்லாவின் ஒதெஸ்ஸா நகரத்துக்காரர். 1918 டிசம்பரில் பிரெஞ்சுப் படை அங்கே இறங்கியது, 1919 ஏப்ரலில் வெளியேறியது. அந்த நான்கு மாதங்களில் போல்ஷெவிக் தலைமறைவுக் குழு பிரெஞ்சு வீரர்களிடையே ரகசியமாகப் பிரசாரம் செய்தது. அதில் ஈடுபட்டிருந்த ழான் லபூர்ப் என்ற பிரெஞ்சுப் பெண் 1919 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதை அடிப்படையாகக் கொண்ட நாடகம் 1933இல் மாஸ்கோ வக்தாங்கவ் அரங்கில் பெரும் வரவேற்புப் பெற்றது. 1968இல் லென்ஃபிலிமில் கென்னாதி பலோக்கா அதைப் படமாக எடுத்தார்.

பலோக்கா ஒரு துணிச்சலான காரியம் செய்தார். நாடகத்தை மறைக்க முயலவில்லை. வரைந்த படுதாக்கள், வளைந்த வீடுகள், சாயம் பூசிய முகங்கள், கேமராவைப் பார்த்துப் பேசும் நடிகர்கள், சர்க்கஸ் தாளம். புரட்சியின் தொடக்க ஆண்டுகளில் சந்தைக் கூத்தையும் அரசியலையும் மேடையில் இணைத்த நாடக இயக்குநர் மெயர்ஹோல்தின் மரபை அவர் திரைக்கு மீட்டுக் கொண்டுவந்தார். நாயகன் பிரோத்ஸ்கியாக விளாதிமிர் விசோத்ஸ்கி. பணக்கார க்சீதியாஸ் வீட்டுப் பையனுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியராக மறைந்து வாழும் புரட்சிக்காரன். அந்தப் பையனாக, விசோத்ஸ்கியின் தகான்கா அரங்கத் தோழர் வலேரி சொலொத்தூகின். தலை வணங்கி வாழ்வதா, மரத்தால் செய்த உடுப்பை, அதாவது சவப்பெட்டியை அணிவதா என்ற தேர்வு வந்தால் நாங்கள் மரஉடுப்பையே தேர்ந்தெடுக்கிறோம் என்ற பாடலை விசோத்ஸ்கி இந்தப் படத்துக்காகவே பாடினார்.

புரட்சியைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள் என்று படத்தை முடக்கினார்கள். இதில் என்னை வாட்டுவது எது தெரியுமா? அதற்கு ஓராண்டு முன்பு, 1967இல், அதே லென்ஃபிலிம் ‘மலினோவ்கா கிராமத்துத் திருமணம்’ என்ற இசை நகைச்சுவையை வெளியிட்டிருந்தது. அதுவும் 1930களின் மேடையிலிருந்து வந்ததுதான். லெயனீத் யூக்வீத் எழுதிய உக்ரைனிய நாடகம், பொரீஸ் அலெக்சாந்த்ரவின் இசையில் ஓப்பரெட்டாவானது. கிராமத்தில் செம்படை வந்தால் ஒரு தொப்பி, கொள்ளைக்கூட்டம் வந்தால் வேறு தொப்பி என்று மாற்றி மாற்றி அணியும் கிழவர். ஆட்டம், பாட்டு, சிரிப்பு. ஏழு கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. நல்ல படம், நானும் ரசித்தேன். கொள்ளைக்காரனையும் குழம்பிய கிராமத்தானையும் பார்த்துச் சிரிக்கலாம், அதில் ஆபத்தில்லை. பலோக்காவின் படத்தில் சிரிப்பின் நடுவே ஒரு மனிதன் தன் சாவைத் தானே தேர்ந்தெடுக்கிறான். அந்தத் தேர்வு கட்சி ஆணையால் வந்ததல்ல, அவன் சொந்த மனச்சாட்சியிலிருந்து வந்தது. 1968இல் இந்த வேறுபாட்டை அதிகாரிகள் சரியாகவே மோப்பம் பிடித்தார்கள். படம் 1987இல்தான் வெளியே வந்தது. விசோத்ஸ்கி 1980இலேயே இறந்துவிட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்ஸ்தந்தீன் த்ரெனியோவின் ‘லியுபோவ் யாரவாயா’ 1926 டிசம்பரில் மாஸ்கோ மாலி அரங்கில் மேடையேறியது. துர்பின் நாடகத்துக்குச் சோவியத் தரப்பின் பதில் என்று பேசப்பட்டது. செத்துவிட்டான் என்று நம்பிய கணவன் வெண்படை அதிகாரியாக உயிரோடு வருகிறான், ஆசிரியையான மனைவி அவனைச் செம்படையிடம் ஒப்படைக்கிறாள். 1953இல் ஒருமுறை, 1970இல் விளாதிமிர் ஃபேத்தின் இயக்கத்தில் மறுமுறை படமானது. இரண்டாவதில் லியுத்மீலா சூர்சினாவும் வசீலி லனவோயும் கணவன் மனைவி, வசீலி சுக்ஷின் கமிஸார் கோஷ்கின். 1953 படத்தின் காலப் பின்னணியையும் சொல்ல வேண்டும். ஸ்டாலினின் கடைசி ஆண்டுகளில் படத் தயாரிப்பு வறண்டுபோயிருந்தது, 1951இல் நாடு முழுவதற்கும் ஒன்பது படங்களே வந்தன. அந்த வறட்சியில், ஒப்புதல் பெற்ற நாடகங்களை மேடையில் நடப்பது போலவே படம் பிடித்து அனுப்பினார்கள். நடிப்பைப் பதிவு செய்த ஆவணம் என்ற அளவில் அவற்றுக்கு மதிப்பு உண்டு, அதற்குமேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விஸெவோலத் இவானவின் ‘கவச ரயில் 14-69’ நாடகத்தின் ஒரு பகுதியை வைத்து யாக்கவ் புரதசானவ் 1931இலேயே ‘டாமி’ என்ற பேசும் படம் எடுத்தார். செம்படைக் கொரில்லாக்களிடம் சிக்கிய ஓர் ஆங்கிலேயச் சிப்பாயிடம், மொழி தெரியாமலே அவர்கள் தங்கள் தரப்பைப் புரியவைக்க முயலும் கதை. 1968இல் யூலி கராசிக் இயக்கிய ‘ஜூலை ஆறு’, மிகயீல் ஷத்ரோவின் நாடகத்திலிருந்து வந்தது. 1918இல் இடது சோஷலிசப் புரட்சியாளர்கள் என்ற கட்சியினர் போல்ஷெவிக்குகளுக்கு எதிராக எழுந்த அந்த ஒரு நாளின் கதை. அதில் மரியா ஸ்பிரிதோனவாவாக அல்லா தெமீதவா நடித்தார். தோற்கும் தரப்பின் தலைவி லெனினுக்கு நிகராக நின்று பேசுகிறாள், அவளை யாரும் கோமாளி ஆக்கவில்லை. நான் முதலில் சொன்ன கருத்துக்கு இதுவும் நல்ல சான்று.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ‘சப்பாயெவ்’ படம் நாவலிலிருந்து வந்தது. ‘நாற்பத்தொன்றாவது’ குறுநாவலிலிருந்தும், ‘கமிஸார்’ சிறுகதையிலிருந்தும் வந்தவை. ‘குரோன்ஷ்தாத்திலிருந்து வந்த நாங்கள்’ படத்தை விஷ்னெவ்ஸ்கியே எழுதினார், ஆனால் திரைக்கென்றே எழுதினார். இவற்றை நாடகத் தழுவல்களோடு சேர்த்துப் பட்டியலிடுவது தவறு.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். ‘ஓட்டம்’ பார்த்தாயிற்று என்பதால் அடுத்ததாகத் ‘துர்பின்களின் நாட்கள்’ பாருங்கள், மூன்று பாகங்களையும் மூன்று மாலைகளில். ஒரே இரவில் பார்த்து முடித்துவிடாதீர்கள், அந்த வீட்டுக்கு மூன்று முறை விருந்தாளியாகப் போய்வந்தால்தான் கடைசிக் காட்சி உறைக்கும். மாஸ்ஃபிலிம் தன் படங்களில் பலவற்றை யூடியூபில் இலவசமாக, ஆங்கில வசனவரிகளோடு ஏற்றிவைத்திருக்கிறது. பிறகு ‘நம்பிக்கை தரும் துன்பியல்’. ‘தலையீடு’ படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பார்த்தபின் பார்த்தால்தான் பலோக்கா எந்த மரபை உடைத்தார், எதைக் காப்பாற்றினார் என்பது பிடிபடும்.

துர்பின் படத்தின் முடிவில் செம்படை நகரத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கும். வெளியே பீரங்கி முழங்கும். இன்றைய மாலை ஒரு புதிய வரலாற்று நாடகத்தின் மாபெரும் முன்னுரை என்பான் அலெக்சேயின் தம்பி நிகோல்கா. சிலருக்கு முன்னுரை, சிலருக்கு முடிவுரை என்பான் அதிகாரி ஸ்துத்சீன்ஸ்கி. வெற்றியின் நாளில் கடைசி வசனம் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அப்போது கவனியுங்கள்.